வன்தட்டு தரவு அழிப்பு

வன்தட்டு தரவு அழிப்பு என்பது, கணினியின் வன்தட்டில் எழுதப்பட்டுள்ள தரவுகளை மீண்டும் படித்தெடுக்க இயலாதவாறு முற்றாக நீக்கும் செயற்பாடு ஆகும். கோப்பொன்றை நீக்குவதும், குப்பைத்தொட்டியைக் காலி செய்வதும், வட்டை விரைவு முறையில் வடிவமைப்பதும் தரவு அழிப்பு ஆகா. இச்செயல்களுக்குப் பின்னரும் தரவு வன்தட்டிலேயே இருக்கும். கணினியை விற்கும்போதும், பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும், மின்கழிவாக அகற்றும்போதும் இவ்வேறுபாடு முதன்மை பெறுகின்றது.

வன்தட்டில் தரவு இருக்கும் முறை

முதலாவது வன்தட்டை ஐபிஎம் நிறுவனம் 1956ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்ட அது, ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துருக்களைச் சேமித்தது. இன்றைய வன்தட்டுகள் அளவில் பன்மடங்கு சுருங்கி, கொள்ளளவில் பல இலட்சம் மடங்கு பெருகியுள்ளன. எனினும் அடிப்படை மாறவில்லை. அலுமினியம் அல்லது கண்ணாடியாலான தட்டின் மீது மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும். அப்படலத்தின் நுண்பகுதிகள் எத்திசையில் காந்தமாக்கப்பட்டுள்ளன என்பதைக் கொண்டு 0, 1 என்னும் பிட்டுகள் பதியப்படுகின்றன.

தட்டின் பரப்பு தடங்களாகவும், தடங்கள் துண்டங்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு துண்டம் நெடுங்காலம் 512 பைட்டுகளைக் கொண்டிருந்தது. 2010ஆம் ஆண்டை ஒட்டி வந்த வன்தட்டுகளில் இருந்து 4,096 பைட்டு துண்டங்கள் பரவலாயின. எந்தக் கோப்பு எந்தெந்தத் துண்டங்களில் உள்ளது என்னும் கணக்கை இயக்குதளத்தின் கோப்பு முறைமை தனியே ஓர் அட்டவணையில் வைத்திருக்கும்.

கோப்பை நீக்கும்போது நடப்பது

ஒரு கோப்பை நீக்குமாறு பயனர் ஆணையிட்டால், இயக்குதளம் பெரும்பாலும் அட்டவணையில் மட்டுமே மாற்றம் செய்கின்றது. கோட்டூர்புரத்திலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பட்டியலிலிருந்து ஒரு நூலின் பதிவை மட்டும் நீக்கிவிட்டதாகக் கொள்வோம். பட்டியலில் தேடுபவருக்கு அந்நூல் கிடைக்காது. ஆனால் அடுக்கடுக்காகச் சென்று பார்ப்பவர் அதைக் கையில் எடுத்துவிடலாம். அவ்விடத்தில் வேறொரு நூல் வைக்கப்படும் வரை அது அங்கேயே இருக்கும்.

எடுத்துக்காட்டாக, எம்எஸ்-டாஸ் காலம் முதல் பயன்பட்டு வரும் ஃபாட் கோப்பு முறைமையில் ஒரு கோப்பை நீக்கினால், அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த பைட்டில் 229 என்னும் எண் எழுதப்படும். கோப்பிருந்த இடங்கள் வெற்றிடம் எனக் குறிக்கப்படும். உள்ளடக்கத்தின் ஒரு பைட்டுகூட அப்போது மாற்றப்படுவதில்லை. மின்னணு ஒளிப்படக் கருவிகளின் நினைவக அட்டைகளில் தவறுதலாக நீக்கிய படங்களைப் பலரும் மீட்டெடுக்க முடிவது இதனாலேயே ஆகும்.

வடிவமைப்பிலும் இதே நிலை உண்டு. விண்டோசின் விரைவு வடிவமைப்பு புதிய அட்டவணையை எழுதுகின்றது. பழைய தரவைத் தொடுவதில்லை. விண்டோசு எக்சுபியிலும் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் முழு வடிவமைப்புகூட பழுதான துண்டங்களைத் தேடியதேயன்றித் தரவை அழிக்கவில்லை. விண்டோசு விசுட்டா முதலே முழு வடிவமைப்பின்போது வட்டு முழுவதும் சுழியம் எழுதப்படுகின்றது.

கோப்பை நீக்கிய பின்னரும் அதன் படிகள் பிற இடங்களில் எஞ்சலாம். அவை பின்வருமாறு:

- சொற்செயலிகள் தாமாகச் சேமிக்கும் தற்காலிகக் கோப்புகள்
- நினைவகத்தின் பகுதிகளை இயக்குதளம் வட்டில் எழுதிவைக்கும் இடமாற்றுக் கோப்பு
- கணினியை உறங்குநிலைக்கு அனுப்பும்போது எழுதப்படும் முழு நினைவகப் படி
- படங்களின் சிறு முன்தோற்றங்கள்
- உலாவியின் இடைமாற்று அடைவு
- ஒரு கோப்பின் முடிவுக்கும் அது இருக்கும் துண்டத்தொகுதியின் முடிவுக்கும் இடையே எஞ்சும் பழைய தரவு

ஆகவே குறிப்பிட்ட ஒரு கோப்பை மட்டும் அழிப்பதைவிட வட்டு முழுவதையும் அழிப்பதே நம்பத்தக்கது.

தேவை

சென்னை அண்ணா சாலையை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் அமைந்துள்ள ரிச்சி தெருவும் அதைச் சூழ்ந்த நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு முதலியனவும் கணினி, மின்னணு உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற சந்தையாகும். புதிய பொருட்களுடன் பழைய கணினிகளும் வன்தட்டுகளும் இங்கு விற்கப்படுகின்றன. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு குடும்பம் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும்போது, பழைய கணினியின் வன்தட்டு இத்தகைய சந்தைகளின் வழியாக அறிமுகமற்ற ஒருவரின் மேசையைச் சென்றடையலாம். அதில் குடும்பப் படங்கள், ஆதார் அட்டை, நிரந்தரக் கணக்கு எண் அட்டை ஆகியவற்றின் படிகள், வருமான வரிப் படிவங்கள், உலாவி நினைவில் வைத்துள்ள கடவுச்சொற்கள் ஆகியன இருக்கக்கூடும். படங்களைக் காட்டி மிரட்டுதல், பிறர் பெயரில் கடன் பெறுதல் போன்ற குற்றங்களுக்கு இவையே போதுமானவை.

இச்சிக்கலின் அளவை வெளிக்கொணர்ந்த ஆய்வொன்றை மாசாச்சுசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி செலட் ஆகியோர் 2003ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்கள் பழைய பொருட் சந்தையில் 158 வன்தட்டுகளை வாங்கினர். அவற்றில் இயங்கிய 129 தட்டுகளுள் 12 மட்டுமே முறையாக அழிக்கப்பட்டிருந்தன. ஏனையவற்றில் கடன் அட்டை எண்கள், மருத்துவக் குறிப்புகள், சொந்த மின்னஞ்சல்கள் முதலியன கிடைத்தன. ஒரு தட்டு தானியங்கிப் பணம் வழங்கும் இயந்திரத்திலிருந்து வந்ததாகத் தெரிந்தது.

பெருநிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. மோர்கன் இசுட்டான்லி நிதி நிறுவனம், பயன்பாட்டிலிருந்து நீக்கிய வன்தட்டுகளைத் தரவு அழிப்பில் பட்டறிவில்லாத இடமாற்று நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. தரவு நீக்கப்படாத கருவிகள் இணைய ஏலத்தளத்தில் விற்பனைக்கு வந்தன. இதற்காக அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2022 செப்டம்பரில் அந்நிறுவனத்தின் மீது 3.5 கோடி டாலர் தண்டம் விதித்தது.

அழிக்கும் முறைகள்

மேலெழுதுதல்

வட்டின் எல்லாத் துண்டங்களிலும் சுழியத்தையோ தற்போக்கு எண்களையோ எழுதுவது மேலெழுதுதல் ஆகும். லினக்சில் டிடி, ஷ்ரெட் ஆகிய கட்டளைகளும், விண்டோசில் முழு வடிவமைப்பும் இதைச் செய்கின்றன. வட்டின் வெற்றிடத்தை மட்டும் மேலெழுத விண்டோசில் சைஃபர் என்னும் கட்டளை உள்ளது. இயக்குதளம் அமைந்துள்ள வட்டையே அழிக்க வேண்டுமாயின், குறுவட்டு அல்லது யுஎசுபி நினைவகத்திலிருந்து கணினியைத் தொடக்க வேண்டும். சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாசு லினக்சு உட்பட, நேரடியாக இயங்கும் லினக்சு வழங்கல் எதுவும் இதற்குப் பயன்படும்.

மேலெழுதலுக்குப் பொறுமை தேவை. நொடிக்கு 100 மெகாபைட்டு வேகத்தில் எழுதும் வன்தட்டில், 1 டெராபைட்டை நிரப்ப 10,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 2 மணி 47 நிமிடங்கள் ஆகும். "சில நொடிகளில் முழு அழிப்பு" நடந்ததாகக் கூறும் மென்பொருள், காந்த வன்தட்டைப் பொறுத்தவரை, அட்டவணையை மட்டுமே அழித்திருக்கும்.

மேலெழுதுதலுக்கு எட்டாத இடங்களும் வட்டில் உள்ளன. பழுதடையத் தொடங்கிய துண்டத்தை வன்தட்டு தானே ஒதுக்கிவிட்டு, இருப்பிலுள்ள வேறு துண்டத்தைப் பயன்படுத்தும். ஒதுக்கப்பட்ட துண்டத்தில் பழைய தரவு எஞ்சலாம். இயக்குதளத்தால் அதை அடைய முடியாது.

வன்தட்டின் உள்ளார்ந்த அழிப்பு ஆணை

மேற்கூறிய குறையைப் போக்க, ஏடிஏ வகை வன்தட்டுகளில் பாதுகாப்பான அழிப்பு என்னும் ஆணை அமைக்கப்பட்டுள்ளது. கணினி ஆணையை மட்டும் அனுப்பும். அழிக்கும் வேலையை வன்தட்டின் உள்ளேயுள்ள கட்டுப்படுத்தியே செய்யும். இவ்வாணையின் மேம்பட்ட வகை, ஒதுக்கப்பட்ட துண்டங்களையும் அழிக்கும் வகையில் வரையறுக்கப்பட்டது. லினக்சில் எச்டிபார்ம் என்னும் கருவி கொண்டு இதனை இயக்கலாம்.

மறையாக்க அழிப்பு

வட்டிலுள்ள தரவு அனைத்தும் தொடக்கத்திலிருந்தே மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், மறையாக்கத் திறவுகோலை அழிப்பதே போதுமானது. திறவுகோல் இன்றி எஞ்சியவை பொருளற்ற பிட்டுகளே. பிட்லாக்கர், லக்சு, ஃபைல்வால்ட் ஆகியன இத்தகைய முழுவட்டு மறையாக்க முறைகளாகும். ஆயினும் திறவுகோலின் மீட்புப் படி அச்சிட்ட தாளிலோ இணையக் கணக்கிலோ இருக்குமாயின் அதனையும் நீக்க வேண்டும்.

இம்முறைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. வன்தட்டு திடீரெனப் பழுதடைந்து இயங்காமற் போனால் அதில் மேலெழுத இயலாது. உத்தரவாதக் காலத்தில் அதை நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்தால், தரவும் உடன் செல்லும். மறையாக்கம் செய்யப்பட்ட வட்டில் இவ்விடர் பெரிதும் தவிர்க்கப்படுகின்றது.

காந்தநீக்கமும் சிதைத்தலும்

ஆற்றல்மிக்க காந்தப்புலத்தில் வன்தட்டை வைத்து, அதன் காந்த ஒழுங்கைக் குலைப்பது காந்தநீக்கம் ஆகும். இதில் தரவுடன் படிப்புமுனைக்கு வழிகாட்டும் குறிகளும் அழிவதால் வன்தட்டை மறுபடியும் பயன்படுத்த இயலாது. வீட்டிலுள்ள சாதாரணக் காந்தம் இதற்குப் போதாது.

தட்டைத் துகள்களாக அரைப்பது, உருக்குவது ஆகியன இறுதி வழிகளாம். துளையிடுவது, சுத்தியலால் அடிப்பது ஆகியன எளிய மீட்பைத் தடுக்குமேயன்றித் துளையைச் சுற்றியுள்ள தரவை அழிப்பதில்லை. மடிக்கணினி வன்தட்டுகள் பலவற்றில் கண்ணாடித் தட்டுகள் உள்ளன. அவை உடைந்து தெறிக்கும் ஆதலால் கண்பாதுகாப்பு இன்றி அடித்தல் ஆகாது.

அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் 2006இல் வெளியிட்டு, 2014இலும் 2025இலும் திருத்திய 800-88 என்னும் வழிகாட்டி, அழிப்பை மூன்று நிலைகளாகப் பிரிக்கின்றது. வழக்கமான கட்டளைகளால் மேலெழுதுவது முதல் நிலை. ஆய்வகக் கருவிகளாலும் மீட்க இயலாதவாறு நீக்குவது இரண்டாம் நிலை. ஊடகத்தையே பயன்படாதவாறு சிதைப்பது மூன்றாம் நிலை. தரவின் மதிப்புக்கேற்ப நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எத்தனை முறை மேலெழுத வேண்டும்?

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் குட்மன், 1996ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் 35 முறை மேலெழுதும் வரிசையை முன்வைத்தார். அக்காலத்தில் வழங்கிய பல்வேறு குறிமுறைகளைக் கொண்ட வன்தட்டுகள் அனைத்துக்கும் பொருந்துமாறு அவ்வரிசை தொகுக்கப்பட்டது. ஒரு குறிப்பிட்ட வன்தட்டுக்கு 35 முறையும் தேவை என அவர் கூறவில்லை. பின்னாளில் அவரே இதனைத் தெளிவுபடுத்தினார். எனினும் "35 முறை" என்பது பல மென்பொருட்களில் இன்றும் இடம்பெற்றுள்ளது.

இவ்வினாவுக்கு விடை தேடிய ஆய்வொன்று, 2008 டிசம்பரில் ஐதராபாத்தில் நடந்த தகவல் முறைமைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு மாநாட்டில் வெளியாயிற்று. கிரெய்க் ரைட், டேவ் கிளைமன், சியாம் சுந்தர் ஆகிய மூவர் இதனை எழுதினர். ஒருமுறை மேலெழுதிய தட்டின் பரப்பை அவர்கள் காந்தவிசை நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். நாட்பட்ட பயன்பாட்டில் இருந்த வன்தட்டில் ஒரு பிட்டின் பழைய மதிப்பைச் சரியாகக் கணிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 56 விழுக்காடு எனக் கண்டனர். நாணயத்தைச் சுண்டிவிட்டு ஊகித்தாலே 50 விழுக்காடு கிடைக்கும்.

56 விழுக்காடு என்பது பெரிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பைட்டை மீட்க 8 பிட்டுகளும் சரியாக அமைய வேண்டும். அதற்கான வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. "மயிலாப்பூர்" என்னும் ஒரே சொல், ஒருங்குறியின் யுடிஎஃப்-8 குறிமுறையில் 33 பைட்டுகள், அதாவது 264 பிட்டுகள் கொள்ளும். அச்சொல்லை மட்டும் பிழையின்றி மீட்கும் வாய்ப்பு, பதின்மப் புள்ளிக்குப் பின் 66 சுழியங்களைக் கொண்ட பின்னமாகும். ஆதலால் இன்றைய காந்த வன்தட்டை ஒருமுறை முழுமையாக மேலெழுதுவதே நடைமுறையில் போதுமானது. பலமுறை எழுதுவதில் நேரத்தைச் செலவிடுவதை விட, எழுதிய பின் வட்டைப் படித்துச் சரிபார்ப்பது பயன்மிக்கது.

திண்மநிலை வட்டுகள்

திண்மநிலை வட்டுகள் தரவைக் காந்தப் படலத்தில் வைப்பதில்லை. மின்னூட்டமாகச் சில்லுகளில் வைக்கின்றன. ஒரு சில்லின் கலங்களைக் குறிப்பிட்ட அளவு முறைகளே அழித்தெழுத முடியும். எனவே தேய்மானம் சமமாகப் பரவுமாறு, புதிய தரவை வட்டு ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் எழுதும். "இதே கோப்பின் மீது எழுது" என இயக்குதளம் ஆணையிட்டாலும், பழைய தரவு பழைய கலத்திலேயே சிறிது காலம் இருக்கும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டு இதனைச் சோதித்தனர். தனியொரு கோப்பை மேலெழுதி அழிக்கும் முறைகளுக்குப் பின், அக்கோப்பின் 4 முதல் 75 விழுக்காடு வரை சில்லுகளில் எஞ்சியிருந்தது. உள்ளார்ந்த அழிப்பு ஆணையைச் சில வட்டுகள் பிழையாகச் செயற்படுத்தின என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. காந்தநீக்கத்தாலும் இவ்வகை வட்டுகளுக்கு எதுவும் நேராது. தொடக்கத்திலேயே மறையாக்கம் செய்து, அகற்றும்போது உள்ளார்ந்த அழிப்பு ஆணையையும் பயன்படுத்துவதே இவற்றுக்கு ஏற்றது. தரவு மிகவும் மறைவானதாயின் சில்லுகள் துகள்களாகும்படி அரைக்க வேண்டும்.

நீரும் தீயும்

2015 டிசம்பர் முதல் நாளன்று பெய்த பெருமழையாலும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீராலும் அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, சாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல் முதலிய பகுதிகளில் தரைத்தளங்கள் நீரில் மூழ்கின. வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்த கணினிகளும் அவற்றுடன் மூழ்கின.

நீரில் மூழ்கிய வன்தட்டு தரவழிந்த வன்தட்டு ஆகாது. நீர் காந்தப் பதிவை மாற்றுவதில்லை. மின்சுற்றைப் பழுதாக்கி, தட்டில் சேற்றைப் படியச் செய்யும். தரவு வேண்டும் என்போர் அவ்வட்டுக்கு மின்சாரம் கொடுக்காமல், உலர்த்தவும் முற்படாமல், ஈரத்துடனேயே மீட்பு வல்லுநரிடம் கொடுக்க வேண்டும். சேறு காய்ந்து ஒட்டினால் தட்டின் பரப்பு கீறப்படும். தரவு வேண்டாம் என்போருக்கு இதன் மறுபக்கம் முதன்மையானது: வெள்ளத்தில் நனைந்த கணினியைக் குப்பையில் எறிந்தால், இயங்காத அதன் வன்தட்டிலிருந்தும் பிறர் தரவைப் பெறலாம்.

இதற்கு உலகறிந்த சான்று கொலம்பியா விண்ணோடம் ஆகும். கல்பனா சாவ்லா உட்பட எழுவர் உயிரிழந்த 2003 பிப்ரவரி விபத்தில் சிதறிய பொருட்களிடையே, கருகிய 400 மெகாபைட்டு வன்தட்டு ஒன்றும் பின்னர்க் கிடைத்தது. அதன் தட்டுகளைத் தூய்மைப்படுத்தி வேறு வன்தட்டின் உறுப்புகளுடன் பொருத்தியபோது, தரவின் 99 விழுக்காடு மீட்கப்பட்டது. விண்வெளியில் செய்த செனான் வளிம ஆய்வின் முடிவுகள் அத்தரவைக் கொண்டே 2008இல் வெளியிடப்பட்டன.

தடயவியலும் சட்டமும்

தரவு எளிதில் அழிவதில்லை என்பதே கணினித் தடயவியலின் அடிப்படை. சென்னை மாகாணத்தில் 1849இல் தொடங்கப்பட்ட வேதியியல் ஆய்வாளர் கூடத்தை முன்னோடியாகக் கொண்ட தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தலைமையகம், மயிலாப்பூர் காமராசர் சாலையில் உள்ளது. கைப்பற்றப்பட்ட வன்தட்டைத் தடய ஆய்வாளர்கள் நேரடியாக இயக்குவதில்லை. எழுதுவதைத் தடுக்கும் கருவி வழியாக இணைத்து, வெற்றிடம் உட்பட ஒவ்வொரு பிட்டையும் படியெடுத்து, அப்படியிலேயே ஆய்வு செய்வர். மூலமும் படியும் ஒன்றே என்பதை ஹாஷ் மதிப்பு காட்டும். பாரதிய சாட்சிய அதினியம், 2023இன்படி மின்னணுச் சான்றுடன் தரவேண்டிய சான்றிதழிலும் இம்மதிப்பு குறிக்கப்படுகின்றது.

வன்தட்டின் இத்தன்மையை இந்திய நீதிமன்றமும் கருத்தில் கொண்டுள்ளது. தரம்பீர் எதிர் நடுவண் புலனாய்வுச் செயலகம் என்னும் வழக்கில், தொலைபேசி உரையாடல்கள் பதியப்பட்ட வன்தட்டுகளின் படிகளைக் குற்றம் சாட்டப்பட்டோர் கோரினர். சென்னையில் வழக்கறிஞர் பணியைத் தொடங்கிய நீதியரசர் எசு. முரளிதர், தில்லி உயர் நீதிமன்றத்தில் 2008ஆம் ஆண்டு தீர்ப்பு வழங்கினார். ஒருமுறையேனும் பயன்படுத்தப்பட்ட வன்தட்டு, அழிக்கப்பட்டு வெறுமையாகத் தோன்றினும், முன்னர் எழுதப்பட்டதற்கான தடயத்தைத் தாங்கியிருக்கும். ஆதலால் அதுவே ஒரு மின்னணு ஆவணம் என்பது அத்தீர்ப்பின் கருத்தாகும்.

தரவைப் பேணுவோரின் கடமையையும் சட்டம் வரையறுக்கின்றது. எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தரவைப் பெற்ற நோக்கம் முடிந்ததும் அதை அழிக்குமாறு நிறுவனங்களைப் பணிக்கின்றது. போதிய பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அச்சட்டம் இடமளிக்கின்றது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருவன.

அதே வேளையில், எல்லா அழிப்பும் சட்டத்துக்கு உட்பட்டதன்று. தனக்குரிய கணினியிலுள்ள தனது தரவை அழிப்பது உரிமை. நீதிமன்றத்திலோ விசாரணையிலோ சான்றாகாமல் தடுக்கும் நோக்குடன் மின்னணு ஆவணத்தை அழிப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவின்படி குற்றமாகும். பிறர் கணினியிலுள்ள தரவை இசைவின்றி அழிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் கீழ் வரும்.

கணினியைக் கைமாற்றும் முன் செய்ய வேண்டுவன

1. தேவையான தரவை வேறொரு வட்டில் படியெடுத்து, அப்படி திறக்கின்றதா எனச் சரிபார்க்க வேண்டும். முறையாக அழித்த தரவை எவராலும் மீட்டுத் தர இயலாது.
2. கணினியில் உள்ளது காந்த வன்தட்டா, திண்மநிலை வட்டா என அறிய வேண்டும். சிலவற்றில் இரண்டும் இருக்கும்.
3. பாதுகாக்க வேண்டிய பிற வட்டுகளைக் கழற்றிவிட வேண்டும். டிடி போன்ற கட்டளைகள் பயனரிடம் மறுமுறை கேட்பதில்லை; வட்டின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் வேறு வட்டு அழிந்துவிடும்.
4. காந்த வன்தட்டாயின் ஒருமுறை முழுமையாக மேலெழுத வேண்டும். திண்மநிலை வட்டாயின் உள்ளார்ந்த அழிப்பு ஆணையைப் பயன்படுத்த வேண்டும்.
5. வட்டின் தொடக்கம், நடு, இறுதி ஆகிய பகுதிகளைப் படித்து, பழைய தரவு இல்லை என உறுதி செய்ய வேண்டும். மீட்பு மென்பொருள் ஒன்றை இயக்கிப் பார்ப்பதும் நன்று.
6. வட்டு இயங்காவிடில் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கணினியை மட்டும் கொடுக்க வேண்டும். மேசைக் கணினிகளில் இதற்கு ஒரு திருப்புளியே போதும்.
7. பழுதுபார்ப்பவர் வன்தட்டை மாற்றினால், பழைய தட்டைக் கேட்டுப் பெற வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- வன்தட்டு
- கோப்பு முறைமை
- திண்மநிலை வட்டு
- மறையாக்கம்
- கணினித் தடயவியல்
- மின்கழிவு
- ரிச்சி தெரு